பின்விளக்கில் வீசிய குளிர்காற்று

முதல் நாள்: டர்பன் – ஹாரிஸ்மித்

விடியற்காலை நான்கு மணிக்கு அத்தையின் தலையணையில் சொட்டு விழுந்தது. புறப்படுவதற்கு முந்தைய இரவை வண்டியிலேயே கழித்துப் பார்ப்போம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார்ஹோமை (உள்ளேயே தங்கிப் படுக்கும் வண்டி) நிறுத்தி, வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்து, ஏசியை ஓடவிட்டுப் படுத்திருந்தோம். இரவு முழுவதும் மழை இல்லை. ஆனாலும் கட்டிலுக்கு மேலே, கூரையின் உட்பக்க பிளைவுட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக்கறை படிந்து, அதன் நடுவிலிருந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கறை எங்களுக்குப் புதியதல்ல. வண்டியைப் பழையதாக வாங்கிய இந்த ஓராண்டுக்குள் இரண்டு முறை ஒரு பட்டறையில் விட்டோம். கூரையில் ஓட்டை என்று சொல்லி இரண்டு முறையும் மேலே சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) பூசிக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் கறை திரும்பி வந்தது. பள்ளி ஆசிரியையின் பழக்கத்தால், இன்று காலை கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளே தேதியும் எழுதி வைத்தேன். கறை வளர்கிறதா, நிற்கிறதா என்பதையாவது இனி ஊகிக்காமல் சொல்லலாம்.

என் கணவர், அவருடைய தாயாரான அத்தை, நான், பக்கத்து வீட்டுத் தாத்தா என நால்வர் புறப்பட்டோம். தாத்தாவின் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது; அதற்குப் பின் வந்த ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்கள் என்பார். கோயில் மண்டபத்தில் மாலைப் பள்ளி நடத்திக் கற்றுக்கொடுத்த தமிழை எழுபத்தாறு வயதிலும் விடாமல் பேசுகிறார். ஆரஞ்சு நதியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறினோம். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் கடற்கரையின் புழுக்கம் முற்றிலும் விலகிவிட்டது. ஹாரிஸ்மித்தில் இரவு போர்வை தேவைப்பட்டது. ஏசியைத் தொடவே இல்லை.

இரண்டாம் நாள்: ப்ளூம்ஃபொன்டெய்ன்

பெத்லஹேம், சேனகல், வின்பர்க் வழியாகப் பிற்பகல் மூன்று மணிக்கு ப்ளூம்ஃபொன்டெய்ன் வந்து சேர்ந்தோம். வெளியே 34 டிகிரி. முகாமின் மின்கம்பத்தில் நீலநிற 16 ஆம்பியர் பிளக்கைச் செருகி ஏசியை முழு வேகத்தில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளே 31 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பின்பக்கக் கட்டிலில் அத்தை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவருடைய இன்சுலின் பேனாவை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் அதைக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். நாங்கள் போகவிருக்கும் அப்பிங்டனில் ஜனவரி மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஏசியை நம்பி அவரை அங்கே அழைத்துப்போக முடியாது.

கூரை ஏசி 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன் கொண்டது. இன்னும் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்று என் கணவர் கேட்டார். தாத்தா பதில் சொல்லாமல், நாக்கில் தொட்ட விரலால் புறங்கையை நனைத்து, ஏசிக் காற்று இறங்கும் ஒவ்வொரு கூரைக் கிரில்லின் கீழும் அதைப் பிடித்துக்கொண்டே முன்னிருந்து பின்னால் நடந்தார். நாற்பது ஆண்டுகள் டர்பனின் பெரிய கட்டடங்களுக்குத் தகட்டு டக்ட் (ஏசிக் காற்று போகும் குழாய்) செய்து பொருத்தியவர் அவர். இத்தனை நாள் இந்த வண்டியைப் பற்றி அவரிடம் கேட்கத் தோன்றாமல் போனது எங்கள் தவறு. கூரை ஒழுகல் என்றே நாங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, மிஷின் நல்ல மிஷின். காத்துதான் வழியிலேயே போயிடுது," என்றார்.

சமையலறையில் பால் சூடு பார்க்க வைத்திருந்த ஊசித் தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன். ஏசி அறைக் காற்றை உறிஞ்சும் வாயில் 31 டிகிரி. ஏசிக்கு மிக அருகே உள்ள கிரில்லில் 18. அங்கிருந்து நான்கு மீட்டர் தள்ளி, கட்டிலுக்கு மேலுள்ள கடைசி கிரில்லில் 25. அதாவது, உள்ளே போகும் காற்றை ஏசி 13 டிகிரி குளிர்வித்துத் தருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு மீட்டர் தூரம் போவதற்குள் அந்தக் குளிர்ச்சியில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. கடைசி கிரில்லில் காகிதக் கைக்குட்டையை ஒட்டித் தொங்கவிட்டபோது அது அசையக்கூட இல்லை.

இன்னொன்றையும் இன்று கவனித்தேன். ஐந்து மணி நேரம் ஏசி ஓடியும் கறையிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

மூன்றாம் நாள்: கிம்பர்லி

காலையில் 165 கிலோமீட்டர் ஓட்டி கிம்பர்லி வந்துவிட்டோம். பயணத் திட்டத்தில் இங்கே ஓர் இரவுதான். அதை இரண்டாக்கினோம்.

முதலில் ஓட்டை என்ற பேச்சை முடித்துவிட விரும்பினோம். ஏசியை நிறுத்திவிட்டு, முகாம் பொறுப்பாளரின் அனுமதியுடன் என் கணவர் ஏணியில் ஏறி, கூரை மேல் ஏசியைச் சுற்றி ரப்பர்க் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டார். வறட்சியான ஊரில் அதற்கு மேல் தண்ணீரைச் செலவழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பென்சில் வட்டம் காய்ந்தே இருந்தது. கூரையில் ஓட்டை இல்லை.

அப்படியானால் டர்பனில் விழுந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டர்பனின் கோடைக்காற்றில் ஈரம் அவ்வளவு மிகுதி. 20 டிகிரிக்குச் சற்றுக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அது நீராகிவிடும். டக்டிலிருந்து கசியும் 15 டிகிரிக் காற்று கூரைக்கும் உட்பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குளிர வைக்கிறது. அந்த இடைவெளிக்குள் புகும் கடற்கரைக் காற்று அங்கே வியர்த்து, தாழ்வான இடமாகப் பார்த்து ஒழுகுகிறது. ப்ளூம்ஃபொன்டெய்னில் கசிவு அதே கசிவுதான். காற்றில் ஈரம் இல்லாததால் சொட்டவில்லை. ஒரே கோளாறு கடற்கரையில் ஒழுகலாகவும் உள்நாட்டில் புழுக்கமாகவும் வேடம் மாறியிருக்கிறது. அதனால்தான் இரண்டையும் தனித்தனி நோய்கள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கசிவு எங்கே என்று தேடுவதற்கு அத்தையின் பூஜைப் பெட்டியிலிருந்த ஊதுபத்தி உதவியது. ஏசியின் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு கிரில்லின் விளிம்பிலும் பலகைகளின் சந்திலும் பத்தியை மெல்ல நகர்த்தினோம். கசிவு இல்லாத இடத்தில் புகை நேராக எழும்பும். இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் சாயும், அல்லது சந்துக்குள் இழுபடும். ஐந்து கிரில்களில் நான்கின் விளிம்பில் புகை சாய்ந்தது.

பெரிய கசிவை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வண்டியின் பின்னால் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, "இங்க ஜிலுஜிலுன்னு காத்து வருதேடி," என்று என்னைக் கூப்பிட்டார். ஏசியை மறுபடி குளிரில் வைத்திருந்த நேரம் அது. போய்ப் பார்த்தால், இடதுபக்கப் பின்விளக்கின் ரப்பர் விளிம்பைச் சுற்றிக் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை அங்கே வைத்தேன்: 22 டிகிரி. கட்டிலுக்கு மேலுள்ள கிரில்லைவிடப் பின்விளக்கு குளிர்ச்சியாக இருந்தது.

தாத்தாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. இந்த வண்டியில் டக்ட் என்று தனியாகக் குழாய் இல்லை. கூரையின் நடுவிலுள்ள தெர்மாகோல் அடுக்கில் 25 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, கீழே பிளைவுட்டால் மூடியிருக்கிறார்கள். அந்தப் பள்ளம் கடைசி கிரில்லோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அரை மீட்டர் தாண்டி ஓடி, பின்சுவரின் உள்ளீடற்ற கூட்டுக்குள் வாய் திறந்தபடி நின்றது. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். சிறிய கிரில்லில் திரும்பி இறங்குவதைவிடத் திறந்த முனை வழியாகப் பின்சுவருக்குள் போவது அதற்கு எளிது.

இதில் இழப்பு ஒன்றல்ல, இரண்டு. வண்டிக்குள்ளிருந்து உறிஞ்சிய காற்று முழுவதும் வண்டிக்குள்ளேயே திரும்பி வர வேண்டும். அதில் ஒரு பங்கு பின்விளக்கு வழியாக வெளியே போனால், அதே அளவு வெயில் காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, தரையில் குழாய் போகும் துளை வழியாக உள்ளே வந்துதான் தீரும். குளிர்ந்ததை வெளியே தள்ளி, கொதிப்பதை உள்ளே இழுக்கும் இயந்திரமாக எங்கள் ஏசி மாறியிருந்தது. பெரிய ஏசி வாங்கியிருந்தால் இன்னும் வேகமாக அதே வேலையைச் செய்திருக்கும்.

மாலையில் ஹார்டுவேர் கடைக்குப் போய், அலுமினிய ஃபாயில் டேப் மூன்று சுருள், 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பலகை ஒன்று, மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஒரு பாட்டில் வாங்கி வந்தோம். சாம்பல் நிறத் துணி டேப்பை என் கணவர் கையில் எடுத்தபோது தாத்தா அதை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். அவர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வுக்கூடமும் சொல்லியிருக்கிறது: அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் 1998இல் பல வகை டேப்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது, 'டக்ட் டேப்' என்று பெயர் பெற்ற அந்தத் துணி டேப்தான் டக்ட் இணைப்புகளில் சீக்கிரமே தோற்றுப்போனது.

நான்காம் நாள்: கிம்பர்லி

ஊரின் பெயர்பெற்ற பெருங்குழி எங்கள் முகாமிலிருந்து சிறிது தூரம்தான். 1871 முதல் 1914 வரை வைரத்துக்காகத் தோண்டிய பள்ளம் அது. அத்தையும் நானும் காலையில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். மீதிப் பகல் முழுவதும் கூரைக்குக் கீழேதான்.

ஏசிக்குக் கீழே கூரையில் பதிந்திருக்கும் காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் இரண்டாவது உண்மை தெரிந்தது. இந்தப் பெட்டிக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்றில் அறையிலிருந்து வரும் வெப்பக் காற்று ஏசிக்குள் போகிறது; மற்றதில் குளிர்ந்த காற்று டக்டுக்கு இறங்குகிறது. நடுவிலுள்ள தடுப்பு அட்டையால் ஆனது. அதைப் பிடித்திருந்த துணி டேப்பின் பசை சூட்டில் வெந்து தேன்போல வழிந்து, டேப் தளர்ந்து தொங்கியது. உறிஞ்சும் பாதியில் தடுப்பை ஒட்டிய மூலையில் தெர்மாமீட்டர் 26 காட்டியது. குளிர்ந்த காற்று டக்டுக்குப் போகாமல் நேரே திரும்பி உள்ளே போவதற்கு அதுவே சாட்சி. சில இரவுகளில் ஏசி பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தானே நின்றுபோனதற்கும் இதுதான் காரணம்: அறை வெப்பத்தை அளக்கும் உணர்கருவி இருந்த இடத்தில் குளிர்காற்று பட்டதால், அறை குளிர்ந்துவிட்டது என்று அது நம்பியிருக்கிறது.

எதிர் மூலையில் 39. ஏசிக்காகக் கூரையை வெட்டிய இடத்தில் விளிம்புகளை யாரும் மூடவில்லை. பலகைக்கும் தகட்டுக்கும் இடையே விரல் நுழையும் சந்து. வெயிலில் காய்ந்த கூரை இடைவெளியின் காற்றை ஏசி அந்தச் சந்து வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு சாண் இடைவெளியில் 26, 39 என்ற அந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதியபோது, ஓராண்டாக விளங்காதது விளங்கிவிட்ட நிம்மதி எனக்கு வந்தது.

வேலை என்று பார்த்தால் முக்கால்வாசி துடைப்பதுதான். ஃபாயில் டேப் தூசியின் மேல் ஒட்டாது. தூசியோடு உரிந்து வரும். பழைய பசையை மரச்சீவலால் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் டேப். பெயின்ட் தின்னரையோ அசிட்டோனையோ தெர்மாகோல் பக்கம் கொண்டு போகக் கூடாது, அதைக் கரைத்துவிடும்.

நுரைப்பலகையில் புதிய தடுப்பை அரை மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, இறுக்கமாகச் செருகி, இருபுறமும் நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டினோம். கூரையின் வெட்டு விளிம்புகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி டேப் பட்டைகளால் முழுவதும் போர்த்தினோம். ஏசியைக் கூரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று கையாலேயே சுழன்றது. அவற்றை எதிரெதிர் மூலையாக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினார் தாத்தா. ஏசிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள கேஸ்கட் (அடைப்புப் பட்டை) ஏறத்தாழ 12 மில்லிமீட்டருக்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் கூரைத் தகடு குழிந்து, மழைநீர் தேங்கும். இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

கிரில்களைச் சுற்றிய வேலையில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. டக்டின் அடித்தாளுக்கும் பிளைவுட்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் சந்து. காற்று கிரில்லுக்கு இறங்குவதற்கு முன் அந்தச் சந்தில் பக்கவாட்டாகப் பரவுகிறது. டேப் பட்டையின் ஒரு பாதியை இதழ் இதழாகக் கத்தரித்து, கத்தரிக்காத பாதியைத் துளையின் சுவரில் ஒட்டி, இதழ்களை டக்டுக்குள் மடக்கிப் படிய வைக்க வேண்டும். விரல் எட்டாத ஆழத்தில் எதை வைத்து அழுத்துவது என்று யோசித்து, தோசைத் திருப்பியின் நுனியில் துணி சுற்றிக்கொண்டேன். அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. டேப்பை மெதுவாக வைத்தால் போதாது. கீழேயுள்ள பலகையின் வரி மேலே தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஐந்து கிரில்களுக்கு மூன்றரை மணி நேரமாயிற்று.

கடைசி கிரில்லைத் தாண்டிய அரை மீட்டரைத்தான் இறுதியில் மூடினோம். நுரைப்பலகைத் துண்டை 25க்கு 5 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, கிரில் துளை வழியாக உள்ளே செலுத்தி, துளையின் விளிம்பிலேயே சரிவாக நிறுத்தினார் தாத்தா. நேராக நிறுத்தினால் காற்று முட்டி நிற்கும். சரிவாக நிறுத்தினால் அதுவே காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும். விரியும் நுரையைப் பீய்ச்சி அடைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, அது விரியும்போது மெல்லிய கூரைப் பலகையை வீங்க வைத்துவிடும் என்றார்.

இரவு ஏழு மணிக்குப் பின்விளக்கின் அருகே ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை நேராக எழும்பியது. அத்தை அங்கேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்.

ஐந்தாம் நாள்: அப்பிங்டன்

கிரிக்வாடவுன், க்ரூப்லர்ஸ்ஹூப் வழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் முட்புதரும் கானலும்தான். அப்பிங்டனில் ஆற்றங்கரை முகாமை அடைந்தபோது வெளியே 41 டிகிரி. வண்டியின் பக்கத்தகட்டில் கை வைக்க முடியவில்லை.

மின்சாரக் கேபிளைச் சுருளாக விடாமல் முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டு (சுருளிலேயே விட்டால் இந்த வெயிலில் சூடேறி உருகக்கூடும்) ஏசியைப் போட்டோம். முதல் அரை மணி நேரம் பெரிய மாற்றம் தெரியவில்லை. பலகை, மெத்தை, பாத்திரம் எல்லாம் விழுங்கி வைத்திருந்த சூடு வெளியேற வேண்டுமே. ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே 27. உறிஞ்சும் வாயில் 27, அருகிலுள்ள கிரில்லில் 15, கட்டிலுக்கு மேலுள்ள கடைசி கிரில்லில் 17. ஏழு டிகிரியாக இருந்த வழியிழப்பு இரண்டாகிவிட்டது. காகிதக் கைக்குட்டை கிரில்லிலிருந்து பறந்து போய்க் கட்டிலின் மறுமுனையில் விழுந்தது. அத்தை மதிய உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கினார்.

ஆறாம் நாள்: ஒக்ரபீஸ்

கக்காமாஸ் வழியாக ஒக்ரபீஸ் அருவிக்குப் போனோம். 56 மீட்டர் ஆழத்துக்கு ஆரஞ்சு நதி பாறையில் விழுவதைத் தாத்தா கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாலையில் எல்லாக் கிரில்களையும் ஒரு முறை கழற்றி, டேப் எங்காவது தூக்கியிருக்கிறதா என்று பார்த்தோம். குளியலறைக் கிரில்லில் இரண்டு இதழ்கள் உரிந்திருந்தன. அங்கே நேற்று முன்தினம் அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. மறுபடி துடைத்து ஒட்டினேன்.

ஒன்பதாம் நாள்: டர்பன்

வந்த வழியே மூன்று நாள் ஓட்டம், சொல்லும்படியாக எதுவுமில்லை. உண்மையான சோதனை இங்கேதான் என்பதால், வீட்டுக்குள் போய்ப் படுக்காமல் இன்றிரவும் வண்டியிலேயே தங்கினோம். வாசலில் காற்று பிசுபிசுவென்றிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை. ஏசியை 22இல் வைத்துவிட்டு, கட்டிலில் இடம் மாறி, கறைக்கு நேர்கீழே நான் படுத்துக்கொண்டேன்.

நள்ளிரவில் ஒரு முறையும் நான்கு மணிக்கு ஒரு முறையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்சில் வட்டத்துக்குள் பலகை காய்ந்திருந்தது; விரலால் தடவினால் சொரசொரப்புதான், ஈரமில்லை. ஆனால் குளியலறைக் கதவுக்கு மேலே, கூரை விளக்கின் ஒயர் நுழையும் துளையைச் சுற்றிக் கடுகளவு நீர்த்துளிகள் நான்கைந்து அரும்பியிருந்தன. அந்தத் துளையை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அதைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். ஃபாயில் டேப் இன்னும் அரைச் சுருள் மீதமிருக்கிறது. தாத்தா காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.